மூன்றாவது ஜோடி ஸ்பீக்கர்

காருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள், போட்டுக் கேட்டுப் பார்க்க ஏதாவது ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். தராசுக்காரர் தன் மனைவியின் குரலை எடுத்துக்கொண்டு போனார்.

இதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி. அவர் தொழிலை வைத்துப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். கடை கடையாகப் போய் எடை போடும் தராசுகளைச் சோதிப்பதும், சரியாக இருந்தால் முத்திரை ஒட்டுவதும் அவர் வேலை. வெல்வெட் தைத்த பெட்டி ஒன்றில் பித்தளை எடைக்கற்கள் வைத்திருப்பார். ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான். குண்டுமணி அளவு கூடாது, குறையாது. கல்லைத் தராசில் வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். மூன்று தடவையும் ஒரே எண் வந்தால்தான் முத்திரை. இரண்டு தடவை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு மூன்றாம் தடவை காலை வாரிய தராசுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"எடை தெரியாத பொருள வச்சுத் தராச சோதிக்க முடியாது. மொதல்ல நமக்குப் பிசகில்லாமத் தெரிஞ்ச கல்லு ஒண்ணு வேணும்" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அதனால், ஸ்பீக்கர் கடைக்காரர் போனில், "வரும்போது உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு கொண்டாங்கண்ணே. தெரிஞ்ச சத்தத்த வச்சாத்தான் ஸ்பீக்கரோட லட்சணம் தெரியும்" என்று சொன்னதும், அட, நம்மைப் போல ஒரு மனுஷன் என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் அவருக்கு எந்தப் பாட்டும் முழுசாகத் தெரியாது. காரில் அவர் கேட்பது பந்தாட்ட வர்ணனை மட்டும்தான். அது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விடை எதிரிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷமாக நாள் தவறாமல் அவர் காதில் விழும் சத்தம் அது. எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே மூச்சு வாங்கும், எந்த இடத்தில் தான் 'ம்' போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மெட்டு அப்படித் தெரியும். வரிகளைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வீட்டிலிருந்து காரில் திரும்பும்போது, கைபேசியில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துக் குழியில் அப்பாவிபோல வைத்துவிட்டார். மொத்தம் பதினோரு நிமிஷம் பதிவானது. அதைத் திரும்பக் கேட்டுப் பார்க்கவில்லை. எடைக்கல்லை யாராவது எடை போட்டுப் பார்ப்பார்களா?

மனைவி ஒரு பேக்கரியில் அடுப்புப் பொறுப்பாளர். ஆற்றுக்கு அக்கரையில் முதலாளி புதுக் கிளை திறக்கிறார். அதற்கு மேலாளராக அவளைத்தான் போடப்போகிறார், ஆனால் ஒரு நிபந்தனை. விடிகாலை நாலரைக்கு அடுப்பு மூட்ட வேண்டும், முதல் பஸ்ஸோ ஆறு மணிக்கு. சொந்தமாக வண்டி ஓட்டி வரத் தெரிய வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த நாற்காலி, அவளுக்கு ஏழு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்த மாவு பிசைகிறவருக்குப் போய்விடும். ஏற்கனவே டெஸ்ட்டில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவையும் போனால் அடுத்த தேதி கிடைக்க ஆறு வாரம் ஆகும். அதற்குள் மாவு பிசைகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டிருப்பார்.

ஓட்டத் தெரியாதவள் இல்லை அவள். பதினெட்டு வருஷமாக அந்தக் காரைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாயால் ஓட்டி வருகிறவள். அவள் வாயால் ஓட்டுவதில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து பக்கத்தில் அதிகாரியும் உட்கார்ந்துவிட்டால், வாய் பூட்டிக்கொள்ளும், கை நடுங்கும். முதல் தடவை சரிவில் கார் பின்னால் உருண்டது. இரண்டாம் தடவை கண்ணாடி என்ற ஒன்று இருப்பதே மறந்துபோனது.

டெஸ்ட் அடுத்த வாரம் வியாழக்கிழமை என்பது தராசுக்காரருக்குத் தெரியும். அதற்குள் ஸ்பீக்கரை மாட்டிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். இருட்டில் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறவளுக்குத் துணைக்குப் பாட்டு வேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கதவிலிருந்த பழைய ஸ்பீக்கர் கிழிந்துபோய், யார் கோல் போட்டார்கள் என்பதே புரியாமல் கரகரக்கிறது என்ற காரணமும் உண்டு. அதை அவ்வளவு உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த வாரம் வியாழக்கிழமை லீவு போட்டார். காலை ஐந்தே முக்காலுக்கு மனைவி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னாள். கேள்வி மெட்டு. அவர் "ம்" போட்டார். அவள் போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் கார், ஸ்பீக்கர் கடைக் கொட்டகைக்குள் நின்றது. கடைக்காரர் ஒல்லி மனிதர். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும். வேலை என்று வந்துவிட்டால் உரித்துவிட்டுத்தான் பேசுவார். அரை மணி நேரத்தில் நாலு கதவுகளின் உள்பக்கத்தை மூடியிருந்த டோர் பேடுகளும் கழன்று சுவரோரம் சாய்ந்தன. டாஷ்போர்டிலிருந்து பழைய செட் வெளியே வந்தது. கதவு ஒவ்வொன்றும் உள்ளே இரும்பும் ஒயருமாக, தோல் உரிந்துபோய் நின்றது.

"முழுசாக் கழட்டணுமா?" என்று தராசுக்காரர் சற்றுக் கலங்கிப்போய்க் கேட்டார்.

"ஸ்பீக்கர சும்மா மேசையில வச்சுக் கேட்டா என்ன தெரியும்? காருக்குள்ள வச்சுக் கேக்கணும். பின் சீட்டுக்கு அடியில நம்ம சோதனைப் பெட்டிய வச்சாச்சு. சாவியத் திருகினா அது பாட்டுக்கு ஆரம்பத்துலேர்ந்து பாடும். பாட்டு எங்க?"

தராசுக்காரர் பென்டிரைவை நீட்டினார். "பாட்டு இல்ல. பேச்சு."

"யாரு பேச்சு?"

"என் வீட்டுக்காரி."

கடைக்காரர் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்து பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த கடைக்காரரின் அக்காவும் நிமிர்ந்து பார்த்தாள். தராசுக்காரர் எடைக்கல் விளக்கத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். கடைக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு, "யோசிச்சுப் பாத்தா நியாயந்தான்" என்றார். அக்கா நியாயம் என்று சொல்லவில்லை. பில் புத்தகத்தை மட்டும் மூடிவைத்தாள்.

முதல் ஜோடி, நடுவில் சிவப்பு வட்டம் போட்டு, பார்க்கவே மிரட்டலாக இருந்தது. கதவு ஓட்டையில் பிடித்துக்கொண்டு சோதனைப் பெட்டியைப் போட்டார் கடைக்காரர்.

"கண்ணாடியப் பாத்தீங்களா? பாக்கல. பாத்துட்டுத் திரும்புங்க" என்றது கார்.

"ம்" என்றது தராசுக்காரரின் பதிவான குரல்.

"இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்பணும். திரும்பி முடிச்சப்புறம் போடறதுக்கு அது எதுக்கு?"

"ம்."

கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது. தராசுக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். நாலாவது வாக்கியத்தில் தலையை ஆட்டினார். "இது அவ இல்ல. தொண்டை கட்டின யாரோ."

"பேஸ் ஜாஸ்தி, அடிச்சத்தம் தூக்குது" என்று ஒப்புக்கொண்டார் கடைக்காரர்.

இரண்டாவது ஜோடி வெள்ளிக் கம்பி போட்டது. அதில் அவள் குரல் ஊசிபோல வந்தது. "சரிவுல ஹேண்ட் பிரேக்கப் பிடிங்க. கிளட்ச் கடிக்கிற வரைக்கும் விடாதீங்க" என்ற இடத்தில் இரண்டு பேருமே காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"'ச' குத்துது" என்றார் கடைக்காரர்.

"குத்துது. அவ திட்டினாலும் 'ச' குத்தாது. வழவழன்னு இருக்கும்."

"அந்த மழைக்கோட்ட ஆபீஸ்லேர்ந்து எடுத்துட்டு வந்தீங்களா இல்லையா?" என்றாள் கல்லாவிலிருந்து அக்கா.

தராசுக்காரர் திரும்பினார். "எந்த மழைக்கோட்டு?"

"மூணு வாரமா அந்தப் பொண்ணு சொல்லிட்டிருக்கு. இப்பத்தானே ஓடுச்சு. என்ன கேட்டீங்க நீங்க?"

"சத்தத்தக் கேட்டேன்" என்றார் அவர். அவருக்கே அது சரியான பதிலாகப் படவில்லை.

மூன்றாவது ஜோடி, கறுப்பாக, பகட்டு ஏதும் இல்லாமல், பழைய கடாய் மூடிபோல இருந்தது. கடைக்காரர் அதை முன் கதவுகளில் இரண்டிரண்டு திருகு போட்டே மாட்டினார். கை வலித்துவிட்டது போலும். பெட்டியைப் போட்டார்.

கடாய் மூடிக்குள்ளிருந்து அவள் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அப்படித்தான் இருந்தது. மூச்சு வாங்குவது கேட்டது, வளையல் கதவில் இடிப்பது கேட்டது. கல் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று தராசுக்காரரின் முகம் மலர்ந்தது. பழக்கதோஷத்தில் "ம்" போட வாயெடுத்தார். ஆனால் அதற்குள் ஸ்பீக்கரிலிருந்தே "ம்" வந்துவிட்டது. அடுத்ததற்கும் வந்தது. அவர் செய்ய வேண்டிய வேலையை ஏற்கனவே ஒருவன் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தான். சும்மா உட்கார்ந்து கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லாமல் போய்விட்டது. முதல் இரண்டு ஜோடியை அரைகுறையில் நிறுத்தியவர், இதை ஓடவிட்டார்.

எட்டாவது நிமிஷத்தில் அவள் குரல் தணிந்தது.

"டெஸ்ட்ட முன்னாடி தள்ளிட்டாங்க. இந்த வாரம் வியாழக்கிழமையே, பதினோரு மணிக்கு. நான் பேக்கரியிலேர்ந்து நடந்து வந்துடறேன். நீங்க காரை எடுத்துக்கிட்டு பத்தரைக்கெல்லாம் அங்க வந்துடுங்க. என்ன, கேட்டீங்களா?"

"ம்."

"வந்து குடுத்துட்டு உடனே கிளம்பிடாதீங்க. வேலி ஓரமா நில்லுங்க. நீங்க நிக்கிறது தெரிஞ்சா எனக்குக் கை நடுங்காது. இதச் சொல்றதுக்கே வெக்கமா இருக்கு."

"ம்."

அந்த இரண்டாவது "ம்" போட்டவனை ஓங்கி ஒரு அறை விடலாம்போல தராசுக்காரருக்கு இருந்தது. காலையில் வாசலில் வந்த கேள்வி மெட்டும் இப்போது நினைவுக்கு வந்தது.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று அக்கா கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை.

மணி பத்து இருபத்தைந்து. டெஸ்ட் மைதானம் இருபது நிமிஷ ஓட்டம். மனைவிக்குப் போன் போட்டார். வேலை நேரத்தில் அவள் கைபேசி பேக்கரி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் என்பது, எட்டாவது தடவை மணி அடித்தபோதுதான் உறைத்தது. காரைப் பார்த்தார். நாலு கதவும் எலும்பாக நின்றன. டாஷ்போர்டு பல் போன வாய்போல இருந்தது.

"டோர் பேட் மாட்ட முக்கா மணி ஆகும்" என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் அலங்காரம். வண்டி ஓடுமா ஓடாதா?" என்றாள் அக்கா.

"ஓடும்."

"அப்ப நீயும் ஏறு. போற வழியில என்ன மாட்ட முடியுமோ மாட்டு. கடைய நான் பாத்துக்கறேன். அந்தப் பொண்ணு பாஸா ஃபெயிலான்னு எனக்கு ஃபோன் பண்ணு."

கடைக்காரர் சோதனைப் பெட்டியின் வாயை அடைக்க ஒரு ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் தாவினார். ஜன்னல் ஏற்றும் பொத்தான்கள் டோர் பேடோடு கொட்டகையில் தங்கிவிட்டதால் நாலு கண்ணாடியும் இறங்கினது இறங்கினபடியே இருந்தன. தராசுக்காரர் ஓட்டினார். திருப்பங்களில் அவரை அறியாமல் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், முன்கூட்டியே இண்டிகேட்டர் போட்டார். பின்னாலிருந்து கடைக்காரர், தொங்குகிற ஒயர்களை ஒவ்வொன்றாக டேப் சுற்றிக்கொண்டே வந்தார்.

பத்து ஐம்பதுக்கு மைதானத்துக்குள் நுழைந்தார்கள். கம்பிவேலி ஓரம் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மனைவி நின்றாள். சட்டைக் கையில் மாவு. காரைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது நிம்மதி. கார் கிட்டே வர வர அது வேறு ஏதோவாக மாறியது.

"கதவெல்லாம் எங்க?"

"ஸ்பீக்கர் மாட்ட. கழட்டினாங்க. மாட்டிடுவாங்க" என்றார் அவர், தந்தி அடிப்பதுபோல.

அவள் அவரையும், பின் சீட்டிலிருந்து இறங்கி "வணக்கம் அண்ணி" என்ற புது மனிதரையும், காரின் எலும்புக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"பரவால்ல, வந்துட்டீங்களே" என்றாள் அவள். "ம்னு சொல்லிட்டு மறந்துடுவீங்கன்னு நெனச்சுட்டே நின்னேன். மறக்கல பாருங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இது தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் அதிகாரி வந்துவிட்டார்.

அதிகாரி, கையில் கோப்போடு, சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்போல இருந்தார். காரைச் சுற்றி வந்தார். "கூடு மட்டும்தான் இருக்கு" என்றார். லைட் போடச் சொன்னார், எரிந்தது. பிரேக் பார்த்தார், பிடித்தது. "ஹார்ன்" என்றார். அவள் அமுக்கினாள். சத்தமே இல்லை. இன்னொரு தடவை அமுக்கினாள்.

"ஹார்ன் இல்லாத வண்டியில டெஸ்ட் எடுக்க முடியாது" என்று கோப்பை மூடப் போனார் அதிகாரி.

"ஒரு நிமிஷம் சார், ஃபியூஸ் என்கிட்ட இருக்கு" என்று கடைக்காரர் சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டே ஓடினார். குனிந்து செருகினார். ஹார்ன் அலறியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்த காரில் அதிகாரி ஏறி அமர்ந்தார், கார் கிளம்பியது. கடைக்காரர் வேலிக்குத் திரும்பி வந்து கைகளைத் தட்டிக்கொண்டபோதுதான், அதே ஃபியூஸில் வேறு எது மாட்டியிருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணே" என்றார் மெல்ல.

தராசுக்காரர் கேட்கவில்லை. மனைவியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் மேல் அந்தக் கைகள் நடுங்குவது வேலியிலிருந்தே தெரிந்தது. முதல் வளைவுக்கு முன்னால் எஞ்சின் ஒரு தடவை அணைந்தது. போச்சு, எல்லாம் என்னால்தான் என்று நினைத்தார். அவள் மறுபடி சாவியைத் திருகினாள்.

"கண்ணாடியப் பாத்தீங்களா?" என்றது கார். "பாக்கல. பாத்துட்டுத் திரும்புங்க."

டோர் பேடும் இல்லை, ஜன்னலும் மூடவில்லை. மைதானம் முழுக்க அவள் குரல்தான். அவள் தலை சட்டென்று கண்ணாடிப் பக்கம் திரும்பியது. பிறகு பிரேக்கை மிதித்தாள். கார் வேலிக்கு நேராக வந்து நின்றது.

"யாரு பேசறது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்."

"நீங்க வாயே தெறக்கலையே."

"இது போன ஞாயித்துக்கெழம பேசினதுபோல இருக்கு சார்." சொல்லிவிட்டு அவள் வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். தராசுக்காரர் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் போகப் பார்த்தார். ஒல்லி முதுகு, மறைக்கவில்லை.

"அத அணைங்க."

"பின் சீட்டுக்கு அடியில இருக்கு சார். அணைக்கணும்னா சீட்டக் கழட்டணும்" என்று கடைக்காரர் வேலியிலிருந்து கையைத் தூக்கினார். "இல்லேன்னா ஃபியூஸ எடுக்கணும். எடுத்தா ஹார்ன் போயிடும்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வரிசையில் நின்ற எட்டுப் பேரைப் பார்த்தார். கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்தில் எதையோ விரலால் தேடினார். "வெளியாள் உதவி கூடாதுன்னு விதி இருக்கு" என்றார். அதிகாரி இன்னும் கொஞ்சம் தேடினார். "நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கறது வெளியாள் உதவியான்னு இதுல போடல. ஓட்டுங்க."

அவள் ஓட்டினாள்.

"இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்பணும்" என்றது குரல், போட்டுவிட்டுத் திரும்பினாள். "லாரி வருது, லாரிய விடுங்க, அவன் போகட்டும், நமக்கென்ன அவசரம்" என்றது. வெட்டவெளியில் காரை மரியாதையாக ஓரம் கட்டினாள். அதிகாரியும் திரும்பி லாரியைத் தேடினார். மழைக்கோட்டுப் பேச்சு வந்தபோது வரிசையில் நின்ற ஒரு பெண், "பாவம், மூணு வாரமாமே" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். சரிவில் கார் ஏறி நின்ற நேரத்துக்குச் சரிவுப் பேச்சு முடிந்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஆனால் அதற்குள் அவளே உதட்டை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்ப்பூட்டு கழன்றுவிட்டது. ஹேண்ட் பிரேக்கை விட்டாள், கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராமல் வழுக்கிக்கொண்டு மேலே போனது.

"அறுபது அடி தள்ளி நிக்கிறோம், 'ச' குத்தவே இல்ல பாத்தீங்களா" என்றார் கடைக்காரர். தராசுக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வேலிக் கம்பியை எண்ண ஆரம்பித்தார்.

கடைசி வேலை, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னோக்கி நிறுத்துவது. கார் மெதுவாகப் பின்னால் வந்தபோது குரல் தணிந்தது. டெஸ்ட்ட முன்னாடி தள்ளிட்டாங்க என்றது. வியாழக்கிழமை என்றது. வேலி ஓரமா நில்லுங்க என்றது. எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"நீங்க நிக்கிறது தெரிஞ்சா எனக்குக் கை நடுங்காது. இதச் சொல்றதுக்கே வெக்கமா இருக்கு."

"ம்."

மைதானம் முழுக்க அந்த "ம்" உருண்டது. எட்டுத் தலைகளும் ஒன்றாகத் திரும்பி வேலியைப் பார்த்தன. தராசுக்காரர் இந்தத் தடவை யார் முதுகுக்குப் பின்னாலும் போகவில்லை. வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெரிகிற மாதிரி நேராக நின்றார். அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். கார் இரண்டு கம்பங்களுக்கும் சரி நடுவில் நின்றது.

அதிகாரி இறங்கினார். கோப்பில் ஒரு கையெழுத்தைப் போட்டு, தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். பிறகு வேலிக்கு வந்தார்.

"அந்த 'ம்' நீங்கதானா?"

"ஆமா சார்."

அதிகாரி கோப்பை மூடினார். "கதவ மூடி ஓட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கொட்டகைக்கு அவளே ஓட்டினாள். தராசுக்காரர் பக்கத்து சீட்டில் இருந்தார். மைதானத்துக்கு வெளியே வந்ததுமே கடைக்காரர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பின் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அக்காவுக்கு "பாஸ்" என்று ரகசியமாகப் போனில் சொன்னார். மறுமுனையில் அக்கா போட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"எதுக்கு ரெக்கார்ட் பண்ணீங்க?" என்றாள் மனைவி.

அவர் எடைக்கல் விளக்கத்தைச் சொன்னார். இந்தத் தடவை சுருக்கமாகச் சொன்னார். "எனக்குப் பிசகில்லாமத் தெரிஞ்ச சத்தம் உன் குரல் ஒண்ணுதான்."

அவள் முகம் இளகியது. இரண்டு தெரு தாண்டினாள். இதோடு விட்டிருக்கலாம், அவளுக்கு ஒன்றும் தெரியவந்திருக்காது. கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் சொல்லப்போவதில்லை. ஆனால் மறக்கல பாருங்க என்று அவள் சொன்னது தராசுக்காரரை உறுத்தியது. கூடுதலாக எடை காட்டும் தராசுக்கு அவர் ஒருநாளும் முத்திரை ஒட்டியதில்லை.

"நான் மறக்காம வரல" என்றார். "நீ ஞாயித்துக்கெழம சொன்னது என் காதுல விழல. இன்னிக்குக் காலைல வாசல்ல சொன்னதும் விழல. கடையில மூணாவது ஜோடி ஸ்பீக்கர்லதான் விழுந்துச்சு."

"வேலி ஓரம் நில்லுங்கன்னு சொன்னது?"

"அதுவும்."

அவள் சிக்னலில் நின்றாள், பச்சை விழுந்ததும் எடுத்தாள். "பதினெட்டு வருஷத்துல இந்த மாதிரி எத்தன போயிருக்கும்?" என்றாள் பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே.

அவருக்கு வெட்கமாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. அதற்கப்புறம் வந்த அவள் மௌனம் ஏறுமா இறங்குமா, எங்கே முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் விஷயத்தில் அவருக்கு மெட்டுத் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை. பயந்துபோய் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து" என்று அவள் ஆரம்பித்தாள், எப்போதும்போலத்தான், "நான் நாலு மணிக்குக் கிளம்பணும். மூணேமுக்காலுக்கு நீங்க எந்திரிச்சு டீ போடணும். எனக்கு அரைச் சக்கரை. நான் எழுப்ப மாட்டேன், நீங்களா எந்திரிக்கணும். மழைக்கோட்டு நாளைக்கு வீட்டுக்கு வந்தாகணும்."

'ம்' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைத் தண்ணீர் குடிப்பதுபோல விழுங்கினார்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து மூணேமுக்காலுக்கு டீ. அரைச் சக்கரை. நீ எழுப்ப மாட்ட. மழைக்கோட்டு நாளைக்கு." ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். "சரியாச் சொன்னேனா?"

"சரி."

"அப்ப முத்திரை ஒட்டிடலாமா?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டரைப் போட்டாள், அதன் பிறகே கடைத் தெருவுக்குள் திரும்பினாள்.

"ஒரு தடவதானே ஆச்சு" என்றாள். "இன்னும் ரெண்டு தடவ இருக்கு."